திருச்சியில் வாங்கிய யானை

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடத்தில் எங்கள் வீட்டில் மூன்று பேருமே களைத்துப்போயிருந்தோம். அம்மாவுக்கு வேலை செய்து களைப்பு. அப்பாவுக்கு வேலையில்லாமல் களைப்பு. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திருப்பதே எனக்குக் களைப்பாக இருந்தது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருந்தது எங்கள் ஊர். அப்பா லாரி டிரைவர். சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகிற லாரி. முந்தின சித்திரையில் ஒரு மழை நாளில் வளைவில் வண்டி குடைசாய்ந்து, அப்பாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்து, மூன்று மாதத்தில் நடக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று மாதம் ஒன்பது மாதமாயிற்று. கால் மடங்கவில்லை. கிளட்ச் மிதிக்க முடியாத காலோடு ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு லாரிக்காரர் என்ன செய்வார்? வேறு ஆளைப் போட்டுவிட்டார். அப்பா கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு, சாலையில் போகிற லாரிகளின் சத்தத்தைக் கேட்டே எது லோடு வண்டி, எது காலி வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு நான் ஒருத்திதான். சில நாள் நானும் கேட்கவில்லை.

அம்மா காட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மக்காச்சோளம் ஒடிக்கும்போது மக்காச்சோளம், பருத்தி வெடிக்கும்போது பருத்தி. காலையில் சோற்றைத் தூக்கில் போட்டுக்கொண்டு போனால், வெயில் தாழ்ந்து வருவாள். வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளிடம் யாரும் பேசக்கூடாது என்பதை யாரும் சொல்லாமலே நானும் அப்பாவும் கற்றுக்கொண்டிருந்தோம்.

எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருந்தவர் அப்பாவுடன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அப்பாவைப் பார்க்க வந்த ஒரு நாள், கடையில் சேர்ந்த வெட்டுத்துணிகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து போட்டார்.

“காலை இதும் மேல தூக்கி வச்சிக்கடா. தலகாணி மாதிரி அமுங்காது.”

அப்பா அப்படியே வைத்துக்கொண்டார். சில நாளில் சாக்கின் வாய் பிரிந்தது. டிரைவர்களுக்குத் தார்ப்பாய் தைக்கத் தெரியும்; வழியில் கிழிந்தால் அவர்கள்தான் தைத்தாக வேண்டும். அப்பா தன் பழைய பெட்டியிலிருந்து கோணி ஊசியை எடுத்துச் சாக்கைத் தைக்கத் தொடங்கினார். தைப்பதற்கு முன்னால் கையை உள்ளே விட்டு ஒரு பிடி துணியை வெளியே எடுத்துப் பார்த்தார். அப்புறம் இன்னொரு பிடி. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கட்டிலைச் சுற்றிலும் துணிகள் நிறம் நிறமாகப் பிரிந்து கிடந்தன. பாதிக்கு மேல் பள்ளிச் சீருடைத் துணி. பெண்பிள்ளைகளின் பாவாடை நீலம், பையன்களின் கால்சட்டைக் காக்கி. நடுநடுவே யாராரோ அம்மாக்களின் ரவிக்கைப் பூ.

அப்பா முதலில் தைத்ததை என்னிடம் நீட்டியபோது, “பன்னியாப்பா?” என்று கேட்டேன்.

“யானை.”

“தும்பிக்கை எங்க?”

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆமால்ல,” என்றார். ஒன்பது மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு தினமும் தைத்தார். ஊசி சிறியதாயிற்று, தையல் மட்டும் தார்ப்பாய்த் தையலாகவே இருந்தது. நெருக்கமாக, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முறை இழுத்து இறுக்கி, காற்றடித்தாலும் மழையடித்தாலும் லோடு நனையக்கூடாது என்பதுபோலத் தைப்பார். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்.

“ஏன்ப்பா ஒளிக்கிற?”

“ஆம்பள உக்காந்து பொம்ம தச்சிக்கிட்டிருந்தா என்ன நெனப்பாங்க?”

“தையக்கார மாமா ஆம்பளதானே?”

“அவன் மிஷின்ல தைக்கிறான்,” என்றார் அப்பா. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

தை மாதக் கடைசியில் அத்தையின் மாமியார் வந்தார். அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கிற வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அப்பாவுக்கு அடிபடுவதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அத்தைக்குப் பையன் பிறந்திருந்தான். அவனுக்கு மாசியில் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக இருந்தது. அதற்கு அழைக்கத்தான் அந்த அம்மாள் வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு வந்திருந்தார். நல்ல மாதிரியான அம்மாள். குரலை உயர்த்தாமல் பேசுவார்.

“தம்பி, நான் சொல்றத தப்பா எடுத்துக்கக் கூடாது,” என்றார். “கால் இப்படி இருக்கு. புள்ளைய மடியில வச்சிக்கிட்டு மொட்டைக்கு ஒரு தடவ, காதுகுத்துக்கு ஒரு தடவ உக்காரணும். ஒங்களால சம்மணம் போட முடியாது. பெரம்பலூர்ல உரக்கடை வச்சிருக்காரே ஒங்க பெரியப்பா மவன், அவரும் அண்ணன் முறதானே? அவரு மடியில வச்சிக்கலாம்னு இருக்கோம். நீங்க வந்து நின்னு விபூதி பூசி விட்டாப் போதும். சீரு கீருன்னு எதையும் இழுத்துப் போட்டுக்காதீங்க.”

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார முயன்று, பாதியில் நின்று, அப்படியே பேசினார்.

“அவளுக்குக் கூடப் பொறந்தவன் நான் ஒருத்தன்தாங்க. எம் மடியிலதான் குத்தணும். நான் உக்காருவேன்.”

அந்த அம்மாள் அப்பாவின் காலைப் பார்த்தார். பிறகு காபியைக் குடித்துவிட்டு, “சரிங்க தம்பி, அன்னிக்குப் பாத்துக்கலாம்,” என்று எழுந்தார். பாத்துக்கலாம் என்பதற்கு உரக்கடைக்காரரும் தயாராக வருவார் என்று அர்த்தம்.

அவர் போனபிறகு அப்பா, “பதினோரு தட்டு எடுக்கணும்,” என்றார்.

“தட்டு இரவல் வாங்கிடலாம்,” என்றாள் அம்மா. “தட்டுல என்னத்த வைக்கிறது?”

அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து சாக்கை இழுத்தார். அம்மா அதுவரை அவர் தைத்தவற்றை எனக்கு விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்திருந்தாள். அப்பா விரலை மடக்கிச் சொன்னார்: பிள்ளைக்கு ஒரு மெத்தை, இரண்டு பக்கத் தலையணை, ஒரு தொப்பி, தொட்டிலில் கட்டக் கிளிச்சரம், ஒரு யானை, ஒரு குதிரை. மீதித் தட்டுக்குப் பழம், சர்க்கரை, தேங்காய். உடுப்பு மட்டும் கடையில் வாங்க வேண்டும். காதுக்கு, எனக்குக் குழந்தையில் போட்டிருந்த சின்ன வளையம் பெட்டியில் இருந்தது. அதை மெருகு போட்டுக்கொள்ளலாம்.

அம்மா சாக்குக்குள் கையை விட்டுத் துணியை அளைந்து பார்த்தாள். “பஞ்சு?” என்று மட்டும் கேட்டாள்.

பஞ்சுக்கு அம்மாதான் வழி செய்தாள். காட்டுக்காரரிடம் கேட்டு, எடுப்பு முடிந்த செடிகளில் தொங்குகிற கொட்டுப்பருத்தியை மடியில் கட்டிக்கொண்டு வருவாள். அது மண்ணும் சருகுமாக இருக்கும். கொட்டையும் எடுக்க வேண்டும். காட்டில் பகலெல்லாம் பருத்தி எடுத்துவிட்டு, வீட்டில் வந்தும் அவள் பருத்திதான் எடுத்தாள். முன்பு கண்ணை மூடிக்கொள்கிற அந்தக் கொஞ்ச நேரமும் போயிற்று.

“கைய மூடுனா பருத்தி, தொறந்தா பருத்தி,” என்பாள். “கனவுலயும் வெள்ளையா வெடிச்சிக் கெடக்குது.”

அவளுடைய விரல் நுனிகளில் பருத்திக்காயின் முள் கீறிய கோடுகள் இருந்தன. அப்பாவின் விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள் இருந்தன. எனக்குத் துணி சேர்க்கிற வேலை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதை நான்தான் சொல்வேன். அப்பா ஒரு முறைகூட மாற்றவில்லை. யானைக்குச் சீருடை நீலம், காதுக்குச் சிவப்பு ரவிக்கைப் பூ என்று நான்தான் சொன்னேன். குதிரை காக்கி. பிடரிக்குச் சாக்கு நூலைப் பிரித்து வைத்தோம். பதினைந்து கிளிகளுக்கும் பச்சைத் துணி போதவில்லை. நாலு கிளி மஞ்சள். கிளி மூக்கு ஒவ்வொன்றையும் அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு தைத்தார்.

காலையில் அம்மா போனதும் அப்பாவுக்கு இன்னொரு வேலை இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கி, இடது காலை நீட்டி, வலது காலை மடக்கி உட்காருவார். பிள்ளையின் எடைக்கு ஒரு பை அரிசியை நான் தூக்கி மடியில் வைப்பேன். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் நான் தலை பின்னி முடிப்பதற்குள் எடுக்கச் சொல்லிவிட்டார். கடைசி வாரத்தில் நான் சாப்பிட்டுப் புத்தகப்பை எடுத்துக் கிளம்புகிறவரை உட்கார்ந்திருந்தார். எழுந்திருப்பதுதான் பெரும்பாடு. அப்போது என்னை வெளியே போகச் சொல்லிவிடுவார்.

இதையெல்லாம் நான் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன். வீட்டுக்குள் இருந்தவரை அந்த நீல யானையைப்போல ஒன்றை நான் பார்த்ததில்லை. அது வீட்டைவிட்டு வெளியே வந்த நாளில்தான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

காதுகுத்து நாளில் விடியற்காலையில் பஸ் ஏறினோம். மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டிருந்தது. அப்பா முன் சீட்டில் காலை நடைவழியில் நீட்டி உட்கார்ந்தார். ஏறுகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப்போனார்கள். அப்பா ஒவ்வொருவரிடமும், “பாத்துங்க,” என்றார். “மெத்தைக்கும் டிக்கெட் எடுக்கணுங்க,” என்றார் கண்டக்டர். சிரிக்கத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. முந்தின நாளும் காட்டுக்குப் போய்வந்து, பலகாரம் சுட்டு, தட்டுகளைத் துலக்கி அடுக்கியிருந்தாள். அரியலூரில் வேறு பஸ் மாறும்வரை கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வந்தாள்.

கோயில் முந்திரிக்காட்டுக்கு நடுவில் இருந்தது. முந்திரி பூத்திருந்த நேரம். காடெங்கும் அந்த மணம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உரக்கடைப் பெரியப்பா ஏற்கெனவே காரில் வந்திறங்கி, புது வேட்டியோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டுகள் கொண்டுவந்திருந்தார். வெள்ளிக் கிண்ணம், மூன்று சக்கர சைக்கிள், சாவி கொடுத்தால் கையைத் தட்டுகிற பொம்மை, எல்லாம் பளபளக்கிற கண்ணாடித் தாளில் சுற்றியிருந்தன. மேளம் முன்னால் போக, தாய்மாமன் சீர் கோயிலைச் சுற்றி வரவேண்டும். முதலில் எங்கள் பதினோரு தட்டு. யானைத் தட்டு என் கையில்.

பத்தடி நடப்பதற்குள் யானை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. வெயிலில் அந்த நீலம், எங்கள் பள்ளிக்கூடத்தில் முந்நூறு பெண்பிள்ளைகள் கட்டிக்கொண்டு வருகிற பாவாடை நீலமாகவே இருந்தது. அதைப் பார்க்கிற எவருக்கும், இது வெட்டுத்துணி, இவர்களிடம் வேறொன்றும் இல்லை என்று தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. யானையின் காது இரண்டும் ஒரே அளவில் இல்லை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, பாதி யானையைத் தாவணி கட்டிய யாரோ ஒரு அக்காவின் முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி நடந்தேன்.

தட்டுகளைப் பந்தலில் வரிசையாக வைத்தார்கள். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் குனிந்து யானையைக் கையில் எடுத்தார்.

“பாப்பா, இது எங்க வாங்கினது?”

வாங்கினது என்று அவரே சொல்லிவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். இடது கால் செருப்பு வரவில்லை.

“திருச்சில,” என்றேன்.

“திருச்சில எங்க?”

அப்பாவை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்த மலைக்கோட்டை ஒன்றுதான் எனக்குத் தெரிந்த திருச்சி. “மலைக்கோட்டைக்கிட்ட. பெரிய கடை.”

“மெத்தை, கிளியெல்லாமுமா?”

“எல்லாமே.”

அவர் யானையின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். “இங்க வாங்கக்கா, இந்தத் தையலப் பாருங்க,” என்று அத்தையின் மாமியாரைக் கூப்பிட்டார். “நம்ம ஊரு கடையில வாங்கறதெல்லாம் ரெண்டு நாள்ல பிதுங்கிடுது. இது பிச்சாலும் பிரியாது போலருக்கு. கலரும் புதுசா இருக்கு பாருங்க.”

இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். யானை கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒருவர் கிளிச்சரத்தைத் தூக்கிப் பிடித்தார். அத்தையின் மாமியார் மெத்தையின் ஓரத்தை இரண்டு விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, அப்பா பக்கம் திரும்பினார்.

“தம்பி, எந்தக் கடைன்னு சொல்லுங்க. எம் மவ வூட்டுலயும் பேறுகாலம் வருது. இவங்களும் கேக்கறாங்க.”

அம்மா வாயைத் திறந்தாள். அவள் முகத்தில் அத்தனை நாள் களைப்புக்கு மேல் ஏதோ ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அவள் பேசுவதற்குள் கும்பகோணத்து அம்மாள், “மலைக்கோட்டைக்கிட்டயாம். பாப்பாதான் சொல்லிச்சி,” என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேளக்காரர் எதற்கோ மேளத்தை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தினார்.

“ஆமாங்க,” என்றார் அப்பா. “ஆஸ்பத்திரிக்குப் போனப்ப வாங்கினது. கடை பேரு ஞாபகம் இல்ல.”

அத்தை பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தாள். யானையை வாங்கித் தையலின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ தடவை எங்கள் வாசலில் அப்பா தார்ப்பாய் தைக்கும்போது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அப்பாவைப் பார்த்து, “அண்ணே,” என்றாள். அப்புறம், “காபி குடிச்சியா?” என்று கேட்டாள்.

மொட்டைக்கு நேரமாயிற்று. உரக்கடைப் பெரியப்பா எழுந்து வேட்டியை மடித்துக்கட்டினார். அப்பா அவரிடம் போய், “அண்ணே, ஒரு கை குடுங்க,” என்றார். மடியைக் கொடுக்க வந்தவர் கையைக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு அப்பா, அம்மா விரித்த அந்த மெத்தையில் மெல்ல இறங்கினார். வலது காலை மடக்கி, இடது காலை நீட்டினார்.

பூசாரி பதறிப்போனார். “சாமிக்கு நேரா காலை நீட்டாதீங்கய்யா!”

நாலு பேர் சேர்ந்து மெத்தையோடு அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். இப்போது கால் போட்டோக்காரருக்கு நேராக வந்தது. “அண்ணே, காலைக் கொஞ்சம் மடக்குங்க, போட்டோவுல விழுது,” என்றார் அவர்.

“விழட்டும்,” என்றார் அப்பா.

அத்தை பையனைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். அரிசிப்பை உதைக்காது. இவன் உதைத்தான். கத்தி தலையில் பட்டதும் உடம்பை வில்லாக வளைத்து இரண்டு காலாலும் உதைத்தான். அதில் பாதி அப்பாவின் முறிந்த காலில் விழுந்தது. ஒவ்வோர் உதைக்கும் அப்பாவின் உதடு உள்ளே போயிற்று. கை மட்டும் பையனின் நெற்றியை விட்டு நகரவில்லை. மொட்டை முடிந்து பையனைக் குளிப்பாட்டத் தூக்கிப்போனார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மறுபடியும் உட்கார முடியாது என்று அவருக்குத் தெரியும். குளிப்பாட்டி, சந்தனம் பூசி, அலங்காரம் முடிகிறவரை மெத்தையில் காலை நீட்டியபடியே இருந்தார். எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு குழந்தை தடுக்கி விழுந்தது.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா தண்ணீரைக் குடித்து முடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“மலைக்கோட்டைக்கிட்டன்னா சொன்னே?”

“ம்.”

“நல்ல எடமாத்தான் சொல்லியிருக்கே,” என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

காது குத்தும்போது பையன் அலறிய அலறலில் முந்திரிக்காட்டில் இருந்த காக்கையெல்லாம் கிளம்பிற்று. அப்பாவின் சட்டைப் பையைப் பிடித்து இழுத்ததில் அது கிழிந்து தொங்கியது. என் சின்ன வளையங்கள் அவன் காதில் மின்னின. அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அத்தையின் மாமியார், “தாய்மாமன் பாசத்தப் பாருங்க,” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவருடைய குரலில் நிஜமான மரியாதை இருந்தது. அப்பாவைத் தூக்கி நிறுத்த உரக்கடைப் பெரியப்பாவோடு இன்னும் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அம்மாவின் மடியில் படுத்துக்கொண்டேன். உடையார்பாளையம் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அம்மா மெல்லப் பேசினாள்.

“நாலு பேரு கேட்டாங்க.”

“ம்.”

“நாலு பேருங்க. நான்தான் தச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“அத்தன பேருக்கு முன்னால எம் மவளப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா?”

“இப்ப இல்லாட்டி நாளைக்குச் சொல்லலாம்.”

“நானும் சேர்ந்து பொய் சொல்லிட்டேனே. இனிமே சொன்னா அந்த வூட்டுல தங்கச்சி தலையக் குனிஞ்சிக்கிட்டு நிக்கணும். வுடு.”

அம்மா விட்டுவிட்டாள். அவளுடைய கை என் தலையில் இருந்தது, அது அசையவில்லை. அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் நிஜமாகவே தூங்கிப்போனேன்.

அன்றைக்கு உட்கார்ந்ததில் அப்பாவின் கால் வீங்கிப் பத்து நாள் படுத்திருந்தார். வீக்கம் வடிந்ததும், பழைய லாரிக்காரர் சிபாரிசில் ஒரு வேலை வந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகளை எடைபோடுகிற இடத்தில் வாட்ச்மேன். ஒவ்வொரு வண்டி வரும்போதும் எழுந்துபோய்ச் சங்கிலியை இறக்கி, பிறகு ஏற்றவேண்டும். நாளெல்லாம் வண்டி வரும். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு போய் வந்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப்போலவே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இப்போது இரண்டு பேரிடம் பேசக்கூடாத நேரமாயிற்று அது. தையல் என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் மாமியார் வந்தார். திருச்சிக்குப் போய்விட்டு வருகிற வழி. புழுதியும் வியர்வையுமாக வந்து உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டார்.

“தம்பி, அந்தக் கடையத் தேடி என் காலே போச்சி,” என்றார். “மலைக்கோட்டையச் சுத்தி ஒரு தெரு பாக்கியில்ல. கடை கடையா ஏறி எறங்கிட்டேன். அந்த மாதிரி தையலே எங்கயும் இல்ல. எம் மவளுக்கு ஒண்ணு, கும்பகோணத்தம்மாவுக்கு ரெண்டு, எங்க தெருவுல ஆளாளுக்கு எனக்கு எனக்குன்னு சொல்லிவிட்டிருக்காங்க. யாரு தச்சாங்கன்னு தெரிஞ்சாக்கூடப் போதும், வருசம் பூரா வேல குடுக்க ஆளு இருக்கு. கொஞ்சம் யோசிச்சிப் பாத்துச் சொல்லுங்க தம்பி.”

அம்மா மோர் கொண்டுவந்தவள் சொம்போடு அப்படியே நின்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மலைக்கோட்டையைச் சுற்றி இந்த அம்மாள், இல்லாத கடைக்கு ஏறி இறங்கியதை நினைக்க நினைக்க வயிறு குலுங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடிவிட்டேன்.

அங்கிருந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“கடைய மூடிட்டாங்க போலருக்குங்க,” என்றார்.

அந்த அம்மாள் உச்சுக்கொட்டினார். அம்மா சொம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். அப்பா எனக்காக இன்னும் ஒரு பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நான் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன்.